லைன் குடுன்னுதான் சொன்னேன்

கொடுவா மீன் பிடிக்கப் போகிறவன் முதலில் தன் வாயை மூடப் பழக வேண்டும். ராடு, ரீல், லூர் எல்லாம் அப்புறம். எட்டு வருஷமாக சனிக்கிழமை தவறாமல் கோவளம் உப்பங்கழியில் போய் நிற்கிறேன். இரண்டு ராடு வைத்திருக்கிறேன், மூன்று ரீல், டப்பா நிறைய லூர் என்கிற ரப்பர் மீன். வாய் மட்டும் இன்னும் மூடவில்லை. அதனால் போனது ஒரு மீன் மட்டும் என்றால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொடுவாவுக்கு வஞ்சிரம் மாதிரி பல் கிடையாது. ஆனால் செவுள் மூடியின் ஓரம் பிளேடு. தலையை ஒரு உதறு உதறினால் மெல்லிய லைன் அறுந்துபோகும். அதனால் ரீலில் சுற்றியிருக்கும் பின்னல் லைனின் முனையில் இரண்டு முழம் தடித்த நரம்பு கட்டுவோம். அதற்கு லீடர் என்று பெயர். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சு வரும். கண்ணுக்கே தெரியாத அந்த முடிச்சைக் கட்டப் பழக எனக்கு ஆறு மாசம் ஆனது.

அப்புறம் டிராக். ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கும். மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் லைன் தானாகக் கழன்று ஓடும்படி அதை வைக்க வேண்டும். இறுக்கி வைத்தால் மீனின் உதடு கிழிந்து ஹூக் வெளியே வந்துவிடும். தளர்த்தி வைத்தால் மீன் பாலத்துத் தூணைச் சுற்றிக்கொள்ளும், தூணில் ஒட்டியிருக்கிற சிப்பி லைனை அறுத்துவிடும். மீன் இழுக்கும்போது நாம் விட்டுக்கொடுக்க வேண்டும், நிற்கும்போது நாம் சுற்ற வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்வது, லைன் குடு. மீன் மாட்டினவன் பக்கத்தில் நிற்கிற அத்தனை பேரும் கத்துவது அதுதான். லைன் குடு, லைன் குடு. நான் அன்றைக்குக் கத்தினதும் அதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொருத்தன் இருக்கிறான். அவனும் நானும் ஒரே நாளில் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தோம். நான் சிட்லபாக்கம், அவன் மேடவாக்கம். முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு. அன்றிலிருந்து மச்சான்தான். அவன் எதையும் நிதானமாகச் செய்கிறவன். டீ கிளாஸைக்கூட மூன்று தடவை ஊதிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவான். எனக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாலே கை பரபரக்கும்.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் எதைச் செய்தாலும் அதை வாங்கி நான் செய்தால்தான் எனக்கு ஆறும். "குடு, நான் பாத்துக்கறேன்." வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லுவேன். மகள் பூவின் பாகங்களை வரைந்துகொண்டிருப்பாள், பென்சிலை வாங்கி நானே வரைந்து முடிப்பேன். மனைவி சிலிண்டர் மாட்டுவாள், ரெகுலேட்டரைப் பிடுங்கிவிடுவேன். "அப்பா வர்றாரு, எல்லாத்தையும் ஒளிச்சு வை" என்பது எங்கள் வீட்டுப் பழைய ஜோக். நானும் சேர்ந்து சிரிப்பேன். பொறுப்பான ஆள் என்று கேலி செய்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸிலும் அதேதான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவான், சரியாகவே முடிப்பான். ஆனால் நான் புதன்கிழமை அவன் சீட்டுக்குப் போய் நிற்பேன். "இன்னும் முடியலையா? குடு, நான் பாத்துக்கறேன்." அவன் "சரி மச்சான்" என்பான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். மிச்சத்தை நான் முடிப்பேன், மெயில் என் பெயரில் போகும். இதை அவனுக்குச் செய்கிற உதவி என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. நான் மேனேஜர் ஆனேன். அவன் அதே சீட்டில் இருந்தான்.

போன வருஷம் ஆட்குறைப்பு வந்தது. என் டீமில் ஒவ்வொருத்தரும் என்னென்ன செய்தார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் பெயரில் தேடினேன். அவன் ஆரம்பித்த எல்லாம் இருந்தது, அவன் முடித்ததாக ஒன்றுமே இல்லை. முடித்த இடத்திலெல்லாம் என் பெயர். வேறு எப்படியாவது எழுதியிருக்கலாம். ராத்திரி பகலாக உட்கார்ந்து யோசித்தேன் என்றெல்லாம் இப்போது கதை விடப்போவதில்லை. இருந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டு, கேன்டீனில் போய் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

கண்ணாடி ரூமில் அவனுக்கு எதிரே உட்கார்ந்ததும் நான்தான். பக்கத்தில் ஹெச்ஆர் பெண் ஒருத்தி. பேப்பரைப் படித்துவிட்டு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் ஒண்ணுமே செய்யலையா மச்சான்?" அந்தப் பெண் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டாள். "சும்மா ஃபார்மாலிட்டிடா" என்றேன். என்ன ஒரு பதில். இன்றைக்கும் பல் விளக்கும்போது அது நினைவுக்கு வந்தால் வாயில் பேஸ்ட் கசக்கிறது.

வேலை போன பிறகும் அவன் சனிக்கிழமை மீன் பிடிக்க வருவதை நிறுத்தவில்லை. நானாக இருந்தால் அந்த ஆள் முகத்தில் முழிக்க மாட்டேன். அவன் வந்தான். நாலு வருஷமாக என்னோடு வருகிறவன், அதுவரைக்கும் ஒரு கொடுவாகூட அவன் கைக்கு வந்ததில்லை. கெளுத்திதான் வரும். அதுவும் முள்ளால் கையைக் குத்திவிட்டுப் போகும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் பெயரே கெளுத்தி. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்க வேண்டாம்.

கொடுவா ஏன் வரவில்லை என்றால், அவன் வீசுகிற ஒவ்வொரு வீச்சிலும் நான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். வேகமாகச் சுற்று, மெதுவாகச் சுற்று, லூரை மாற்று, குடு நான் வீசறேன். மீன் கடிக்கிற மாதிரி இருந்தால் ராடு என் கைக்கு வந்துவிடும். இரண்டு கொடுவா அவன் ராடில் மாட்டி நான் கரையேற்றியவை. போட்டோவில் நான்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் ஓரத்தில் கட்டை விரலைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறான்.

மார்கழியில் அவனுக்கு புனேயில் வேலை கிடைத்தது. பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறான் என்றான். "கடைசி சனிக்கிழமை மச்சான். ஒண்ணே ஒண்ணு வேணும். என் கையால. போட்டோகூட வேணாம், திரும்ப தண்ணியில வுட்டுர்றேன்." அவன் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "இந்தத் தடவை பிடிச்சே ஆகறோம்டா" என்றேன். ஆகறோம். பன்மையில்தான் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

அன்றைக்கு மேடவாக்கத்தில் அவன் அபார்ட்மெண்ட் வாசலில் தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ராடை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு அவன் பக்கவாட்டில் நடந்து வந்தான். வண்டியில் ஏறியதும் நான் பார்த்தது அவன் லீடர் முடிச்சை. முந்தின நாள் சாயங்காலம் அவனே கட்டினானாம். "குடு, பாக்கறேன்" என்றேன். ராடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். இது என் முடிச்சு."

பதினாலு வருஷத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் வேணாம். கோபம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. இவனுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்ததே நான், எனக்கே காட்ட மாட்டேன் என்கிறான் என்று உள்ளே பொருமிக்கொண்டே சோழிங்கநல்லூர் சிக்னல் வரைக்கும் ஓட்டினேன். கேளம்பாக்கத்தில் திரும்பும்போது அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

கோவளம் ரோட்டுப் பாலத்துக்குக் கீழே இறங்கினபோது சூரியன் எழும்பிவிட்டது. மழைக்காலத்தில் வெட்டிக்கொண்ட முகத்துவாரம் இன்னும் மூடவில்லை. தண்ணீர் கடலைப் பார்த்து வடிந்துகொண்டிருந்தது. இப்படி வடிகிற நேரத்தில் கொடுவா தூணுக்குப் பின்னால், ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அடித்துக்கொண்டு வருகிற மடவை மீன்குஞ்சுகளை நின்ற இடத்திலேயே விழுங்கும். அதனால் தூணுக்கு மேல்பக்கமாக, தண்ணீர் வருகிற திசையில் வீசி, லூரைத் தண்ணீரோடு மிதந்துவர விட வேண்டும். அவசரப்பட்டுச் சுற்றக் கூடாது. யோசித்தால் அது எனக்கு ஆகிற மீனே இல்லை, அவனுக்கென்றே இருக்கிற மீன்.

வழக்கமாக அங்கே வீச்சுவலை போடுகிற கோவளத்துக்காரர் ஒருத்தர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சாமான்களைப் பார்த்தால் அவருக்குப் பொழுது போகும். "இன்னா சார், ரப்பர் மீனைப் போட்டா ரப்பர் மீனுதான் வரும்" என்றார். "இன்னிக்கு நிஜ மீனு வரும் அண்ணா" என்று அவன் சொன்னான். எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு நான் அடுத்த தூணுக்குப் போய்விட்டேன். முடிச்சையே காட்டாதவனுக்கு நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற வீம்புதான்.

நான் பக்கத்தில் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் அவனுக்கு மாட்டியது. இதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

ரீல் கர்ரென்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீர் உடைந்து மீன் எழும்பியது. முழங்கை நீளம் இல்லை, முழுக்கை நீளம். வெள்ளி வயிறு திரும்பி, வாயை அகலத் திறந்து, தலையை ஒரு உதறு உதறிவிட்டு விழுந்தது. மீன் எழும்பும்போது ராடை எப்படித் தாழ்த்த வேண்டுமோ அப்படியே தாழ்த்தினான். விழுந்ததும் எப்படி நிமிர்த்த வேண்டுமோ அப்படியே நிமிர்த்தினான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

நான் என் ராடைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினேன். மீன் தூணைப் பார்த்து இழுத்தது. டிராக் இறுக்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவன் பக்கத்தில் போய் நின்று கத்தினேன்.

"குடு. குடுடா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி இருக்கும். அப்புறம் ராடை என் பக்கம் நீட்டினான். அது கை மாறுகிற நேரத்தில் நுனி தாழ்ந்தது, லைன் தொய்ந்தது. மீன் இன்னொரு தடவை எழும்பி, தலையை உதறி, லூரைத் துப்பியது. லூர் காற்றில் வந்து என் காலடியில் விழுந்தது. தண்ணீரில் ஒரு சுழி மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஏண்டா குடுத்த?" என்று கேட்டேன்.

"நீதானே மச்சான் கேட்ட."

"லைன் குடுன்னேன்டா. லைன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓ" என்றான். அப்புறம், "சரி மச்சான்." ஆபீஸில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பானே, அதே குரல். என் கையிலிருந்து ராடை வாங்கி, லைனைச் சுற்றி, லீடர் முடிச்சை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "முடிச்சு நின்னுச்சு பாரு" என்றான். நிஜமாகவே நின்றிருந்தது. நான் கட்டியிருந்தாலும் அதைவிட நன்றாகக் கட்டியிருக்க முடியாது, இதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. வலைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்புகிற வழியில் கேளம்பாக்கத்தில் டீ குடித்தோம். மூன்று தடவை ஊதிக் குடித்தான். அடுத்த வாரம் புனே போய்விட்டான்.

நான் என்ன செய்தேன்? குரூப்பில் போட்டேன். "லைன் குடுன்னா ராடையே குடுத்துட்டான் நம்ம கெளுத்தி." சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவனும் ஒன்று போட்டான். அன்று சாயங்காலமே குரூப்பை விட்டு வெளியேறியிருந்தான். அதற்கப்புறமும் நான் விடவில்லை. ஆபீஸில், கல்யாண வீட்டில், தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்த பழைய ஆளிடம், எல்லோரிடமும் சொன்னேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போன கதை என்று முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு கியாரண்டி. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க குடுன்னா வீட்ல யாரும் என்னதுன்னு கேக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு துணி மடிக்கப் போனாள். நான் அதையும் ஜோக்காக எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு நாள் தனியாகப் போனேன். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. தண்ணீர் அசையாமல் பச்சையாக நின்றது. மீன் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனேன். சனிக்கிழமை காலையில் வீட்டில் இருந்து என்ன செய்வது. வலைக்காரர் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் அவரு? வரலையா?"

புனே போய்விட்டான் என்றேன். வாய் சும்மா இருக்குமா. அன்றைக்கு அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார் என்பதுகூட மறந்து, பழக்கதோஷத்தில் அவரிடமே கதையை ஆரம்பித்தேன். லைன் குடுன்னேன் அண்ணா, ராடையே குடுத்துட்டான். சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. பாசியை எடுப்பதையும் நிறுத்தவில்லை.

"நான் பாத்துகினுதான் சார் இருந்தேன். லைனு குடுன்னு சொல்றவன் ரெண்டு கையையும் இன்னாத்துக்கு சார் நீட்டுவான்?"

சொல்லிவிட்டு வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

நான் அங்கேயே நின்றேன். என் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. நீட்டியிருந்தேன். இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்தபடி, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி நீட்டிக்கொண்டுதான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். லைன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. மீன் போன பிறகுதான் வந்தது. ராடைத்தான் கேட்டேன். அவன் கையில் அந்த மீன் இருந்ததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவு கேவலமான விஷயம் அது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வண்டியில் உட்கார்ந்து அவனுக்குப் போன் செய்தேன். மூன்று மாசத்தில் முதல் தடவை. எடுத்தான். சாப்பாடு, வெயில், பிள்ளைகள் ஸ்கூல் என்று கொஞ்ச நேரம் ஓடியது. அங்கே அவனுக்கு ஒரு வேலையைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்களாம், முடித்துவிட்டானாம். நன்றாக இருக்கிறது என்றான். நான் இடையில் புகுந்தேன்.

"அன்னிக்கு நான் ராடைத்தான்டா கேட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஹார்ன் சத்தம் கேட்டது.

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா குடுத்த? உன் மீன்டா அது."

"தெரியும்" என்றான் மறுபடி. குரலில் வருத்தம்கூட இல்லை. "பழக்கம் மச்சான். நீ குடுன்னா கை குடுத்துடும்."

அப்புறம், கேப் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.